லேசர் கண் சத்திரசிகிச்சைக்குப் பின் நீச்சல்: எத்தனை வாரம், எந்த நீர்?

17 செப்டெம்பர் 2023 – வாசகி ஒருவரின் கேள்வி

அக்கா, எனக்கு இரு கண்களிலும் லாசிக் செய்து இரண்டாவது கிழமை நடக்கிறது. பாடசாலைக் காலத்திலிருந்து நீந்துகிறேன். நீச்சல் கண்ணாடி அணிந்தால் ஒரு கிழமையே போதும் என்கிறார் பயிற்றுநர். சிகிச்சை நிலையத்தில் தந்த தாளில் ஒரு மாதம் என்றிருக்கிறது. லண்டனில் இருக்கும் மச்சாளுக்கு இரண்டு கிழமை என்று சொன்னார்களாம். எனக்குக் கண்ணில் நோவு இல்லை, சிவப்பு இல்லை, கொழும்பு காலி வீதியில் வரும் பஸ்ஸின் இலக்கத்தைத் தூரத்திலேயே வாசிக்கிறேன். யார் சொல்வதைக் கேட்பது?

17 செப்டெம்பர் 2023, இரவு

தாளில் உள்ளதைக் கேளுங்கள். உங்கள் கண்ணை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தவர் அதை எழுதியவர் மட்டுமே.

மூவரும் மூன்று கணக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் ஒளிபுகும் படலத்தின், நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பே கொண்டது. லாசிக்கில் அதன் மேற்பகுதியில் சுமார் 100 முதல் 120 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்பில் ஒரு மடலை வெட்டி, புத்தக அட்டையைப் போல ஒரு பக்கம் பிணைந்திருக்க மற்றப் பக்கத்தைத் திறந்து, அடியில் உள்ள படுக்கையை லேசரால் செதுக்கிவிட்டு மடலை மீண்டும் படுக்க வைப்பார்கள். தையல் எதுவும் கிடையாது. மடலின் ஓரத்தில் மேற்தோல் ஒரு நாளளவில் மூடிக்கொள்கிறது. அதனால்தான் மறுநாளே எல்லாம் முடிந்துவிட்டது போன்ற எண்ணம் வருகிறது. உள்ளே மடலும் படுக்கையும் ஒட்டும் வேலை மிக மெதுவாகவே நடக்கிறது, பழைய உறுதி முழுமையாகத் திரும்புவதும் இல்லை. விரலோ மரக்கிளையோ பட்டு, சத்திரசிகிச்சைக்குப் பல ஆண்டுகள் கழித்து மடல் விலகிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

ஆகவே அச்சம் இரண்டு: கிருமி உட்புகுவது ஒன்று, அடியாலோ தேய்ப்பாலோ மடல் அசைவது மற்றொன்று. நீச்சல் இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் நீச்சலையும் சூடான நீர்த்தொட்டிகளையும் 1 முதல் 2 மாதம் வரை தவிர்க்கச் சொல்கிறது. நீச்சல் கண்ணாடியோடு தடாகத்துக்கு 2 வாரத்திலும், கடல், ஆறு, கிணறு போன்றவற்றுக்கு 4 வாரத்திலும் அனுமதி தரும் வைத்தியர்களும் உண்டு. உங்கள் மச்சாளுக்குக் கிடைத்தது அந்த வகை விடையாக இருக்கலாம்.

18 செப்டெம்பர் 2023

நேற்றுக் கேட்கத் தவறியது: இப்போது எந்தச் சொட்டு மருந்துகள் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? ஸ்டீரொய்ட் சொட்டு இன்னும் நடக்கிறது என்றால், வாரக் கணக்கு என்னவாக இருந்தாலும் தடாகத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். அது வீக்கத்தைத் தணிப்பது கண்ணின் எதிர்ப்பாற்றலைக் குறைத்துத்தான். அந்த நிலையில் கிருமி புகுந்தால் தொடக்கத்தில் சிவப்புக்கூடத் தெரியாமல் போகலாம். போத்தலின் பெயரைப் பார்த்து எழுதுங்கள். நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு முதலில் நின்றுவிடும்; ஸ்டீரொய்ட்டைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். இரண்டும் ஒரே நாளில் முடிவதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

24 செப்டெம்பர் 2023

பயிற்றுநரின் "நீச்சல் கண்ணாடி அணிந்தால் போதும்" என்ற வாதத்துக்கு வருகிறேன். கண்ணாடி வேண்டும் என்பதில் அவரோடு எனக்கு முழு உடன்பாடு. போதும் என்பதில்தான் இல்லை.

முதலாவது, நீர் புகாத கண்ணாடி என்று ஒன்றில்லை. திரும்பும்போது சுவரில் முகம் உரசினால், அடுத்த வரிசைக்காரரின் கை பட்டால், ஒரு பக்கம் நிரம்பிவிடும். இரண்டாவது, கண்ணாடியைக் கழற்றிய பின் வருவதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தொப்பியை உரிக்கும்போது அதன் மடிப்பில் தேங்கிய நீர் முழுவதும் நெற்றி வழியாகப் புருவத்தைத் தாண்டி நேரே கண்ணுக்குள் இறங்குகிறது. அந்தக் கணத்தில் கை தானாகவே கண்ணைத் தேய்க்கப் போகிறது. எனக்கு லாசிக் செய்த பின் மறுபடி நீந்தத் தொடங்கிய காலத்தில், நீந்தும்போது ஒரு சொட்டு நீரும் கண்ணில் படாமல் மேலே வந்து, உடைமாற்றும் அறையில் எல்லாவற்றையும் கோட்டைவிடுவேன் போலிருந்தது. இப்போது முதலில் தொப்பி, முகம் குனிந்தபடி, பிறகு துவாயால் நெற்றியை ஒற்றி எடுத்தல், கடைசியில்தான் கண்ணாடி.

கழற்றும் முறையும் முக்கியம். கண்ணாடியின் கிண்ணத்தை முன்பக்கமாக இழுத்துத் தூக்கினால், விரல் வழுக்கியதும் இறப்பர்ப் பட்டி அதைத் திருப்பிக் கண்மீது அடிக்கும். இரு பெருவிரல்களையும் தலைக்குப் பின்னால் பட்டிக்கு அடியில் செருகி, பட்டியை மேலே தூக்கி முன்னால் கொண்டுவர வேண்டும். அப்போது கிண்ணம் தானாகவே கீழே விழும்.

வாங்கும்போது, பட்டியைத் தலையில் மாட்டாமல் கிண்ணங்களை மட்டும் கண்குழியில் மெதுவாக அழுத்திக் கையை எடுங்கள். ஓரிரு நொடிகள் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குரியது. ஒட்டாததைப் பட்டியை இறுக்கி ஒட்டவைப்பதுதான் வழக்கமாக நடக்கும் அநியாயம். எலும்பின்மேல் அமரும் பெரிய கிண்ணமே நல்லது. போட்டிக்காரர்கள் அணியும் சிறிய வகை கண்குழிக்கு உள்ளே அமர்ந்து, அணிந்திருக்கும் வரை கண்ணழுத்தத்தை உயர்த்துவதாக அளந்து பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன.

8 ஒக்டோபர் 2023

வாசகி எழுதியிருக்கிறார்: ஸ்டீரொய்ட் நின்றுவிட்டது, தாளில் சொன்ன மாதமும் முடியப்போகிறது, "இன்னமும் ஒரு நோவும் இல்லை, ஆகவே பயமில்லை."

இந்த "ஆகவே" என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். உடலில் நரம்பு நுனிகள் மிக அடர்த்தியாக உள்ள இடங்களில் கருவிழி ஒன்று. ஒரு தூசியைக்கூடப் பாறையாக உணர்த்துவது அந்த நரம்புகள்தான். மடலை வெட்டும்போது பிணைப்புப் பக்கம் தவிர மற்ற எல்லாப் பக்கங்களிலும் அவை அறுந்துபோகின்றன, மீண்டும் வளர மாதக் கணக்காகிறது. அதுவரை கண் உண்மையில் சற்று மரத்திருக்கிறது. கண் உலர்வதை மூளைக்கு அறிவிக்க ஆள் குறைவு, அதனால் கண்ணீரும் குறைவு. லாசிக்குக்குப் பிந்தைய உலர்கண் முதல் சில மாதங்களில் கூடுதலாக இருந்து, பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 மாதங்களுக்குள் தணிவதற்குக் காரணம் இதுவே.

ஆகையால் நோவு இல்லை என்பது முதல் மாதங்களில் சான்றாகாது. என் அனுபவத்தில் தடாகத்தில் எதுவும் தெரியவில்லை, வீட்டுக்கு வரும் வழியிலும் தெரியவில்லை. இரவில் காலி வீதியில் எதிரே வரும் வாகனங்களின் விளக்குகள் வழமையைவிட அகலமாக விரிந்தபோதுதான், கண்ணின் மேற்பரப்பு வறண்டு கிடக்கிறது என்று விளங்கியது. பாதுகாப்பு இரசாயனம் சேர்க்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டை நீந்தும் முன்னும் பின்னும் போடத் தொடங்கியதும் அது குறைந்தது. அவை ஒருமுறை பாவிக்கும் சிறு குழாய்களாக வருகின்றன. திறந்ததை அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம். குழாய்நீரால் கண்ணைக் கழுவுவது இதற்கு மாற்றாகாது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

9 ஒக்டோபர் 2023

வேறொருவர் கேட்கிறார்: "லேசர் சுட்ட புண்ணில் குளோரின் பட்டால் எரியாதா?" சுட்ட புண் அங்கே இல்லை. இதற்குப் பயன்படும் எக்சைமர் லேசர் 193 நானோமீற்றர் அலைநீளம் கொண்ட புறஊதாக் கதிர்; அது இழையத்தின் மூலக்கூற்றுப் பிணைப்புகளை அறுத்து ஆவியாக்கிவிடுவதால் அக்கம்பக்கம் கருகுவதில்லை.

இதைக் கண்டவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1929இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன், அமெரிக்கக் கணினி நிறுவனமான ஐபிஎம்மின் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் புளூம் ஆகியோருடன் பணியாற்றினார். 1981 நவம்பரில், அமெரிக்கர்களின் நன்றிநவிலல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மீது அந்த லேசரைப் பாய்ச்சிப் பார்த்தபோது, வெட்டு சிறிதும் கருகாமல் விழுந்திருந்தது. அவர்கள் வீட்டில் மிஞ்சிய இறைச்சியைப் பழங்கறியாக்கியிருந்தால் நாமெல்லாம் இன்னும் மூக்குக்கண்ணாடியோடு திரிந்திருப்போம்.

22 ஒக்டோபர் 2023

தனியாக எழுதுவதாகச் சொன்ன நீர் விடயம்.

தடாக நீரின் தீமை குளோரின் அல்ல என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். சரியாகப் பராமரிக்கும் தடாகத்தில் குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்கும், காரஅமிலத்தன்மை (pH) 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்கும். நம் கண்ணீரும் ஏறத்தாழ 7.4தான். கண்ணை எரிப்பதும் மூக்கைத் துளைப்பதும் பெரும்பாலும் குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உருவாக்கும் குளோரமைன்கள். எனவே "நல்லா மணக்குது, சுத்தமான தடாகம்" என்பது தலைகீழான நம்பிக்கை. இந்த மாதம் கொழும்பில் பின்னேரம் தவறாமல் இடியோடு கொட்டும் மழை திறந்த தடாகங்களில் குளோரினை நீர்க்கச் செய்துவிடும். மழை கொட்டிய மறுநாள் நான் இறங்குவதில்லை. நீர் கலங்கி, நீளப்பாட்டின் கோடு அடியில் மங்கலாகத் தெரிந்தாலும் இறங்குவதில்லை. முன்பு இந்தக் கோடே எனக்குத் தெரியாது என்பது வேறு விடயம். சத்திரசிகிச்சைக்கு முன் தடாகத்தின் அடியில் என்ன கிடக்கிறதென்று அறியாமல் நிம்மதியாக நீந்தினேன். இப்போது தலைமயிர்க் கிளிப், ஒட்டுப் பிளாஸ்ரர், யாரோ ஒருவரின் மூக்குத்தித் திருகு எல்லாம் தெரிகின்றன.

குளோரினுக்கு அடங்காத ஒன்று அகந்தமீபா. மண்ணிலும் கிணற்றிலும் குழாய்நீரிலும் வாழும் இந்த ஒற்றைக் கல உயிரி, ஓடு போர்த்திய நிலைக்குப் போய்விட்டால் சாதாரண குளோரின் அளவைத் தாங்கிக்கொள்கிறது. அது கருவிழியில் தொற்றுவது அரிது. தொற்றினால் சிகிச்சை மாதக் கணக்கில் இழுக்கும். அதிகம் பாதிக்கப்படுவோர் கொன்டாக்ட் லென்ஸ் அணிந்துகொண்டு குளிப்பவர்களும் நீந்துபவர்களுமே. அந்த வகையில், முன்பு லென்ஸோடு நீந்திய ஒருவர் கண் ஆறிய பின் முன்னைவிடப் பாதுகாப்பாகவே இருக்கிறார். ஆறும் வரைக்கும்தான் இந்தக் கட்டுப்பாடு.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் நமக்கு வரும் நீர் மொட்டைமாடித் தாங்கியில் தங்கித்தான் வருகிறது. தாங்கியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று காவலாளியிடம் கேட்டுப் பாருங்கள். தடாகத்துக்குத் தடை, ஷவருக்குத் தடையில்லை என்று நினைப்போருக்காக இதை எழுதுகிறேன்.

5 நவம்பர் 2023

அடுத்த ஞாயிறு தீபாவளி. இந்த வாரம் சத்திரசிகிச்சை செய்துகொள்ளப்போகும் ஒருவர், எண்ணெய் முழுக்கை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். நீச்சல் இல்லை என்று தள்ளிவிட முடியாத கேள்வி. அம்மாவின் கையால் தலையில் வைக்கும் நல்லெண்ணெயும் சீயக்காயும் தேசிக்காய்ப் புளியும் தடாகத்தைவிடக் கொடியவை. எண்ணெய் கண்ணில் இறங்கினால் தேய்க்காமல் இருக்க எவராலும் முடியாது. சீயக்காய்த் தூளோ அரம் மாதிரி அராவும். இவ்வருடம் உள்ளங்கையில் ஒரு துளி வாங்கி உச்சியில் மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்புக்கு வேண்டிய மட்டும் பூசுங்கள். தலை கழுவ வேண்டுமென்றால் சலூனில் செய்வது போலப் பின்னுக்குச் சாய்ந்து இன்னொருவரைக் கொண்டு கழுவுங்கள். அம்மாவிடம் "வைத்தியர் சொன்னவர்" என்று சொல்லுங்கள். இணையத்தில் யாரோ சொன்னார் என்றால் எடுபடாது.

26 நவம்பர் 2023

வாசகிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. வைத்தியர் மடலின் ஓரத்தைப் பார்த்துவிட்டு நீந்தலாம் என்றாராம். மகிழ்ச்சி. முதல் நாள் பற்றிச் சில வார்த்தைகள்.

கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். வார இறுதிப் பின்னேரங்களில் நீச்சல் வகுப்புப் பிள்ளைகள் கால் வீசுகிற வரிசைக்குப் பக்கத்தில் நீந்துவது, உதை எப்போது வரும் என்று காத்திருப்பதற்குச் சமம். மேடையிலிருந்து தலைகீழாகப் பாய வேண்டாம்; நீர்மட்டத்தில் முகம் மோதும்போது கண்ணாடி புரண்டுபோவது நல்ல நீச்சல்காரர்களுக்கும் நடக்கும். சுவரைத் தள்ளித் தொடங்கினால் போதும். நீர்ப்பந்து விளையாட்டை இன்னும் சில மாதங்கள் மறந்துவிடுங்கள். நேரத்தைக் குறைத்துத் தொடங்கி, அன்றிரவும் மறுநாட்காலையும் பார்வை எப்படியிருக்கிறது என்று பாருங்கள்.

நோவு, கூடிக்கொண்டு போகும் சிவப்பு, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், பீளை, நேற்றிருந்த பார்வை இன்று மங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே காட்ட வேண்டும். சத்திரசிகிச்சை செய்த இடம் பூட்டியிருந்தால் தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கள், "லாசிக் செய்த கண்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் பழைய ஸ்டீரொய்ட் சொட்டைத் தாமாகப் போட்டுக்கொள்வதை மட்டும் செய்ய வேண்டாம். சிவப்பு அடங்கும், கிருமி வளரும்.

10 டிசெம்பர் 2023

தென்மேல் பருவம் ஓய்ந்து கல்கிசைப் பக்கம் கடல் தணிந்துவிட்டதால், இப்போது எல்லோருடைய கேள்வியும் கடல். உப்பு கிருமியைக் கொல்லும், ஆகவே கடல் தடாகத்தைவிட நல்லது என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். கடல்நீரின் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம், கண்ணீரின் உப்பு ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அந்த வித்தியாசம் எரிச்சலைத் தரும், கிருமிநாசினியாக வேலை செய்யாது. நான் அஞ்சுவது வேறு இரண்டு: முகத்தில் அறையும் அலையும், அது அள்ளிவரும் மணலும். மூன்றாவதாக நம் ஊருக்கே உரியது ஒன்றுண்டு. வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் நகரத்தின் கழிவையெல்லாம் அள்ளிக்கொண்டு இந்தக் கரையில்தான் கடலில் விழுகின்றன. மழைக்குப் பிறகு வாய்க்காலின் வாயருகே நீர் பழுப்பு நிறமாக நாக்கு நீட்டியிருப்பதை ரயிலிலிருந்தே காணலாம். அந்த நாட்களில் கண் எவ்வளவு நன்றாக ஆறியிருந்தாலும் இறங்க வேண்டாம். லாசிக் செய்யாதவர்களுக்கும் இதையே சொல்வேன்.

7 ஜனவரி 2024

மேலே எழுதியவை பெரும்பாலும் லாசிக்கை மனத்தில் வைத்தவை. பி.ஆர்.கே., ஸ்மைல் என்ற மற்ற இரண்டு லேசர் முறைகளுக்கும் கணக்கு மாறும்.

என் தம்பி ரக்பி ஆடுபவன். மடல் இருந்தால் யாருடைய முழங்கையாவது அதைத் தேடி வரும் என்று சொல்லி, அவனுக்கு பி.ஆர்.கே. முறையைத் தெரிவு செய்தார்கள். அதில் மடலே இல்லை. மேற்தோலை நீக்கிவிட்டு நேரடியாகச் செதுக்குகிறார்கள். அது மீண்டும் மூட 3 முதல் 5 நாட்கள் எடுக்கும், அதுவரை கண்ணில் கட்டுப்போடும் லென்ஸ் ஒன்று இருக்கும். அந்த நாட்களில் முகத்தைக் கழுவவே அனுமதியில்லை. திறந்த புண்ணும் லென்ஸும் சேர்ந்திருக்கும்போது நீர் படுவதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. நோவில் அவன் பட்ட பாடு பெரிது. எனக்கு மறுநாளே எழுத்துத் தெரிந்தது. அவனுக்குப் பார்வை வாரக் கணக்கில் ஏறி இறங்கியது. ஆனால் ஆறி முடிந்த பின் அவன் பாய்கிறான், மோதுகிறான். நான் இன்னும் முழங்கைகளை எண்ணிக்கொண்டு நீந்துகிறேன். பி.ஆர்.கே. செய்தவர்களுக்குப் புறஊதாக் கதிரால் கருவிழியில் மூட்டம் படியும் வாய்ப்பு இருப்பதால், முதல் மாதங்களில் திறந்த தடாகத்துக்கு அதிகாலையில் போவதும், வெளியே கறுப்புக் கண்ணாடி அணிவதும் அவசியம். கொழும்பின் பதினொரு மணி வெயில் நீரில் தெறித்தும் வருகிறது.

ஸ்மைல் முறையில் மடலுக்குப் பதிலாக 2 முதல் 4 மில்லிமீற்றர் துளையொன்றின் வழியே மெல்லிய வில்லை ஒன்றை உருவி எடுப்பார்கள். மடல் விலகும் அச்சம் இல்லை, அறுபடும் நரம்புகளும் குறைவு. கிருமி விடயத்தில் மட்டும் சலுகை கிடையாது, துளையும் துளைதான்.

21 ஜனவரி 2024

வாசகி மே மாதம் திருகோணமலை புறாத்தீவில் பவளப்பாறை பார்க்கப் போகிறாராம். நீச்சல் கண்ணாடியோடு ஆழத்துக்கு மூழ்கலாமா என்று கேட்கிறார். கூடாது. 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பிலுள்ளதைப் போல் இரு மடங்காகிறது. 3 மீற்றரிலேயே மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கண்ணாடிக்குள் அடைபட்ட காற்று சுருங்க, கிண்ணம் கண்ணை முன்னுக்கு இழுக்கும். மூக்கையும் சேர்த்து மூடும் முகமூடி என்றால் இறங்க இறங்க மூக்கால் சிறிது காற்றை விட்டுச் சமப்படுத்தலாம். ஆகவே மேற்பரப்பில் மிதந்து பார்ப்பதென்றாலும் முகமூடியே வாங்குங்கள். அங்கே வாடகைக்குத் தருவதைப் பாவித்தால், உட்புறம் முந்தைய ஆள் துப்பித் தேய்த்திருப்பார் என்பதை நினைவில் வைத்து, கொண்டுபோன போத்தல் தண்ணீரால் கழுவி நன்றாகத் துடைத்த பின் அணியுங்கள்.